பத்து நாள் லீவு, நாலு நாள் ரயில்

"உங்களுக்கென்ன சார், பேங்க்ல எப்பப் பார்த்தாலும் லீவு" என்று சொல்லாத சொந்தக்காரர் எனக்கு இல்லை. இரண்டாம் சனி, நான்காம் சனி, குரு நானக் பிறந்தநாள், வால்மீகி ஜெயந்தி என்று எண்ணிக் காட்டுவார்கள். மார்ச் 31 அன்று ராத்திரி பதினோரு மணிக்கு நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. போகட்டும்.

அந்த லீவுகளுக்கெல்லாம் தாய்ப்பத்திரம் ஒன்று உண்டு. 1881-ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டம். காசோலை, உறுதிமொழிச் சீட்டு, மாற்றுச் சீட்டு பற்றிய சட்டம். பி.காம். படித்தவர்கள் வணிகச் சட்டத் தாளுக்காக இதை உருப்போட்டிருப்பீர்கள். அதன் 25-ஆம் பிரிவு, ஒரு சீட்டு முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலை நாளே முதிர்வு நாள் என்கிறது. அப்படியானால் எது பொது விடுமுறை என்று சட்டம் சொல்லியாக வேண்டும் அல்லவா? பழைய வாசகத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை ஞாயிற்றுக்கிழமைகள், ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, அவ்வளவுதான். புத்தாண்டோ கிறிஸ்துமஸோ ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டால் அடுத்த திங்கள் லீவு என்றும் எழுதி வைத்திருந்தார்கள். (தங்கள் பண்டிகை வீணாகிவிடக் கூடாது என்பதில் துரைமார் எவ்வளவு கவனம் பாருங்கள்.) தீபாவளி, பொங்கல், ரம்ஜான் எல்லாம் "அரசு அறிவிக்கும் பிற நாட்கள்" என்ற ஒரே வரிக்குள் அடக்கம். விடுதலைக்குப் பிறகு, 1950களில்தான் அந்த ஆங்கிலப் பண்டிகைகளின் பெயர்களைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். இன்று ஞாயிறும், அரசு அறிவிக்கும் நாட்களும் மட்டும்.

இதையெல்லாம் தூசி தட்டியதற்குக் காரணம் என் மருமகன். அக்கா பையன். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரியில் முதல் வருடம் பி.காம். படிக்கிறான். கமலா நகர் பக்கம் நாலு பையன்களோடு அறை. போன வாரம் போன் செய்து, "மாமா, டிசம்பர் லீவு மொத்தமே பத்து நாள்தான் வரும் போலிருக்கு. ஊருக்குப் போயிட்டு வரவா, இங்கயே கெடக்கவா? கூட இருக்கவனுக மணாலி போலாங்கானுவ" என்றான். அக்காவுக்கு இந்தக் கேள்வி எழுந்ததே தெரியாது. அவள் இப்போதே முறுக்குக்கு அரிசி ஊறப்போடும் நாளைக் குறித்திருப்பாள்.

கணக்கு சுலபம்தான். திருநெல்வேலிக்கு நேராகப் போகிற திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும். ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய இரண்டு முழு நாள் பயணம். போக இரண்டு, வர இரண்டு, பத்தில் நாலு போயிற்று. ரயில் இருக்கிற நாளுக்காகக் காத்திருப்பதில் இன்னும் ஒன்றிரண்டு போகும். மிச்சம் நாலோ ஐந்தோ. எங்கள் பாஷையில் சொன்னால், மொத்த லீவு பத்து, நிகர லீவு ஐந்துக்குள். இப்படி ஒரு கடன் மனு என் மேஜைக்கு வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன் :-)

ஆனால் இந்தப் பத்து நாள் லீவு ஏன் டிசம்பர் கடைசியில் வருகிறது, ஏன் அது இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று யோசிக்கும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கம் படித்தவன் என்பதால் எனக்குக் கிறிஸ்துமஸ் லீவு என்பது மழை, வெயில் மாதிரி தானாக நடக்கிற சங்கதி. மிஷன் பள்ளிக்கூடங்களின் ஊர் அது. அரையாண்டுப் பரீட்சை முடியும், வீடுகளில் நட்சத்திரம் தொங்கும், லீவு விடுவார்கள். பொங்கலுக்கு மறுபடி நாலு நாள். ஒன்று போனால் இன்னொன்று. தில்லியில் இந்த இரண்டாவது கிடையாது என்பதைத்தான் இங்கே வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் வருடம் அதிர்ச்சியோடு தெரிந்துகொள்கிறார்கள்.

தில்லிக் கல்லூரிகளில் ஒன்றின் கதை தொடங்குவதும் அதே 1881-இல்தான். கேம்பிரிட்ஜ் மிஷன்காரர்கள் சாந்தினி சௌக் பக்கத்தில் ஒரு வீட்டில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். மாணவர்கள் 5 பேர், ஆசிரியர்கள் 3 பேர். 1899-இல் இந்து கல்லூரி, 1917-இல் ராம்ஜஸ். இந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகம் பிறந்தது. மாணவர்கள் பெரும்பாலும் தில்லி, அதைச் சுற்றியுள்ள பஞ்சாப், ஐக்கிய மாகாணப் பையன்கள். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வீட்டில் ரொட்டி சாப்பிடலாம். அவர்களுக்குப் பத்து நாள் தாராளம். நீண்ட லீவு என்பது கோடைக்கு உரியது. வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மலை ஏறும் காலம் அது. டிசம்பர் என்பது பண்டிகைக்கும், ஓய்வுக்கும், விருந்துக்குமான சின்ன இடைவெளி. நீதிமன்றம், கச்சேரி, கல்லூரி எல்லாம் ஒன்றாக மூடின. நீதிமன்றங்களில் கிறிஸ்துமஸ் விடுமுறை இன்றைக்கும் இருக்கிறது.

சரி, நாடு முழுக்க வக்கீலும் வாத்தியாரும் குமாஸ்தாவும் மாணவனும் ஒரே வாரத்தில் சும்மா இருந்தால் என்ன நடக்கும்? கூட்டம் போடுவார்கள்!

இந்தியத் தேசிய காங்கிரஸின் முதல் கூட்டம் பம்பாயில் 1885 டிசம்பர் 28 அன்று தொடங்கியது. 72 பிரதிநிதிகள். வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் வேறு எந்த வாரத்தில் பம்பாய் போய்வர ஒழிந்திருக்கும்? அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சிறப்பு மாநாடுகளும் ஒன்றிரண்டு விதிவிலக்குகளும் தவிர, காங்கிரஸ் என்றால் டிசம்பர் கடைசி வாரம். 1887-இல் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் கூடியதும் டிசம்பரில். 1918-இல் தில்லியில் மதன் மோகன் மாளவியா தலைமையில் கூடியதும் டிசம்பரில். துரைமார் தங்கள் பண்டிகைக்காக விட்ட லீவில் அவர்களை அனுப்பிவைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. 1914-இல் கல்கத்தாவில் ஆரம்பித்த இந்திய அறிவியல் மாநாடும் ஜனவரி மாதத்தைப் பிடித்துக்கொண்டது.

நம் ஊர் சங்கீத சீசனும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி. மார்கழிக்குக் கோயில் சார்ந்த பெருமை ஆதியிலிருந்தே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சபா, டிக்கெட், கேன்டீன் என்று அது டிசம்பரில் வந்து உட்கார்ந்ததற்கு அந்த மாநாட்டுக்கும் லீவுக்கும் பெரிய பங்கு உண்டு. கேன்டீன் போண்டாவைக் கடிக்கும்போது யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்...

அந்தச் சென்னை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் தில்லிக்காரர், டாக்டர் எம்.ஏ. அன்சாரி. தரியாகஞ்சில் பெரிய வீடு, பெரிய டாக்டர். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் பிறந்தது காஜிப்பூர் பக்கம் யூசுஃப்பூர். மருத்துவம் படிக்கத் தொடங்கியது எங்கே தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில்! கங்கைக் கரைப் பையன் ஒருவன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் அந்தக் கல்லூரியில் படித்திருக்கிறான். டிசம்பர் லீவில் அவர் என்ன செய்தார் என்று யாராவது எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் படிப்பேன். சென்னையிலிருந்து வடக்கே போக நேர்வழி ரயில்கூட அன்று கிடையாது. பம்பாய் வழியாகவோ கல்கத்தா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். என் மருமகன் தெற்கிலிருந்து வடக்கே வந்து படிக்கிறான், அவர் வடக்கிலிருந்து தெற்கே போய்ப் படித்தவர். தூரம் என்னவோ ஒன்றுதான். மருத்துவம் முடித்த பிறகு லண்டனுக்கும் போனார். அதோடு ஒப்பிட்டால் காஜிப்பூர் பக்கம்.

இனி 1929. இந்த வருடத்தில் இரண்டு விஷயம், இரண்டும் நம் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ளவை.

முதலாவது லாகூர். டிசம்பர் 31 நள்ளிரவில் ராவி நதிக்கரையில் ஜவாஹர்லால் நேரு தலைமையில் பூரண சுயராஜ்யம் என்று கொடி ஏற்றிய மாநாடு. பள்ளிப் பாடத்தில் அது வரை சொல்வார்கள். அதே மாநாட்டில் போட்ட இன்னொரு தீர்மானத்தைச் சொல்ல மாட்டார்கள். காங்கிரஸ் ஏழை மக்களின் அமைப்பு, டிசம்பர் கடைசியில் கூடினால் ஏழைகள் கம்பளித் துணிக்கு வேறு செலவழிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே மாநாட்டை இனிப் பிப்ரவரி அல்லது மார்ச்சுக்கு மாற்றுகிறோம் என்பது அதன் சாரம். அடுத்த மாநாடு 1931 மார்ச்சில் கராச்சியில் நடந்தது. கிறிஸ்துமஸ் லீவு என்பது மாதச் சம்பளக்காரனுக்கும் வக்கீலுக்கும் வசதி, கம்பளி இல்லாதவனுக்கு அது குளிர் மட்டுமே என்று ஒரு கட்சி உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. எனக்கு அந்த மாநாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

தெற்கிலிருந்து தில்லிக்கு வரும் எந்தப் பிள்ளையும் அந்தத் தீர்மானத்தை உடனே வழிமொழிவான். ஊரில் ஸ்வெட்டர் என்பது ஊட்டிக்குக் கல்லூரிச் சுற்றுலா போகும்போது பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது. இங்கே நவம்பர் இறுதிக்குள் உள்ளே போட ஒன்று, மேலே போட ஒன்று, ரஜாய், காலுறை, காதுவரை இழுக்கும் குல்லாய். என் மருமகன் மஜ்னு கா டீலா பக்கம் திபெத்தியர்களிடம் பேரம் பேசி ஒரு ஜாக்கெட் வாங்கினான். அந்த மாதம் அவன் சாப்பாட்டுக் கணக்கில் துண்டு விழுந்தது. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தின் பதிவுகளில் மிகக் குறைந்த வெப்பநிலை 1935 ஜனவரி 16 அன்று பதிவான மைனஸ் 0.6 டிகிரி. நான் நேரில் நடுங்கியது 2019 டிசம்பர் 30. அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901-க்குப் பிறகு தில்லி கண்ட மிகக் குளிர்ந்த டிசம்பர் பகல் அது. அறையில் ஹீட்டர் இல்லாத, மெஸ் மூடிய, கூட இருந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்ட ஒரு விடுதியில் அந்த நாளைக் கழித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். "இங்கயே கெடக்கவா" என்று அவன் கேட்டபோது எனக்கு மனதில் ஓடியது அந்தப் பகல்தான்.

1929-இன் இரண்டாவது விஷயம் ரயில். காஜிபேட்டுக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே காட்டுக்குள் பாதை போட்டு முடித்ததால் வடக்கும் தெற்கும் நேர்கோட்டில் இணைந்தன. அந்த வருடம் ஓடத் தொடங்கியது கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ். இன்று நாம் அதைச் சென்னை–தில்லி வண்டியாகத்தான் அறிவோம். முதலில் ஓடியது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை! ஏறக்குறைய 104 மணி நேரம். கைபர் கணவாய்க்குப் பக்கத்திலிருந்து, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூர் வரை ஒரே வண்டி. பிறகு அது சுருங்கிச் சுருங்கி தில்லிக்கும் சென்னைக்கும் இடையில் நின்றது. தில்லித் தமிழர்கள் வாயில் ஜி.டி.

ஜி.டி. வருவதற்கு முன்பே இங்கே தமிழர்கள் இருந்தார்கள். 1911 டிசம்பர் 12 தர்பாரில் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார்கள் (அதுவும் டிசம்பர்!). கல்கத்தாச் செயலகத்திலிருந்த சென்னை மாகாணக் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் தட்டச்சர்களும் கூடவே வந்தார்கள். அவர்களுக்குத் தில்லி என்பதே குளிர்கால ஊர். கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்குக் கிளம்பிவிடும், கோப்புப் பெட்டிகளோடு இவர்களும் மலை ஏறுவார்கள். குளிர்காலம் என்றால் வேலை, கோடை என்றால் மலை, ஊர் என்றால் எப்போதோ ஒருமுறை எடுக்கும் நீண்ட விடுப்பு. பிள்ளைகள் படிக்க 1923-இல் மதராசி கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம், மந்திர் மார்க் தொடங்கி ஜனக்புரி வரை 7 பள்ளிகள். அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு இருந்தார்கள். ஆகவே "லீவுக்கு ஊருக்குப் போவதா" என்ற கேள்வி அவர்களுக்குக் குடும்பத்தோடு எழுந்தது, கோடையில் எழுந்தது.

தனியாகக் கல்லூரிக்கு வரும் தமிழ்ப் பிள்ளை என்பது பெரும்பாலும் விடுதலைக்குப் பிந்தைய பிறவி. 1956-இல் எய்ம்ஸ், 1961-இல் பின்னாளில் ஐஐடி என்று ஆன நிறுவனம், 1969-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். இந்த விடுதிகள்தான் டிசம்பரில் ஊருக்குப் போக முடியாத தமிழ் மாணவர்களை உருவாக்கின. கரோல்பாக்கில் எனக்கு நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவர், வங்கியில் எனக்கு வெகுகாலம் முன்பு ஓய்வு பெற்றவர், அறுபதுகளில் இங்கே மாணவராக இருந்தவர். "டிசம்பர்ல ஊருக்கா? யோசிச்சதுகூட இல்லைப்பா. ஜி.டி.ல இரண்டு ராத்திரிக்கு மேல. அப்புறம் எழும்பூர் போய் அடுத்த வண்டி. ஊர் சேர்ந்து குளிச்சா, திரும்ப மூட்டை கட்டணும். வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாசம். அவ்வளவுதான்" என்றார். டிசம்பரில் என்ன செய்வீர்கள் என்றேன். யாராவது தமிழ்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு சாம்பார் போடுமாம். அதற்காகக் கரோல்பாக் வரை சைக்கிள் மிதிப்பார்களாம். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-லேயே தொடங்கிவிட்டதால் படிக்கப் பத்திரிகையும் கிடைத்திருக்கிறது.

(அவர் சொன்ன இன்னொன்று. 1988 வரை வங்கிகளின் கணக்கு ஆண்டு டிசம்பர் 31-இல் முடிந்தது. அதன் பிறகுதான் மார்ச்சுக்கு மாறியது. ஆக, வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவருக்கு டிசம்பர் கடைசி வாரம் கிடைத்ததே இல்லை. மாணவனாக லீவு இருந்து ஊர் இல்லை, ஆபீசராக ஊருக்குக் காசு இருந்து லீவு இல்லை.)

1976 ஆகஸ்டில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்தது. வழியில் நிற்கும் ஊர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுமார் 2,180 கிலோமீட்டரை இன்று 33 மணி நேரம் சொச்சத்தில் கடக்கிறது. இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு பகலும். ராத்திரியைத் தூங்கிக் கழித்துவிடலாம் என்பதால் போகவும் வரவும் சேர்த்து வீணாவது இரண்டு பகல்தான். பத்து நாள் லீவில் சென்னைப் பையனுக்கு நிகரமாக ஆறேழு நாள் வீடு. கல்லூரி நாட்காட்டியில் ஒரு நாள்கூட மாறவில்லை, ரயில் மாறியதும் லீவு நீண்டுவிட்டது. அந்த வசதி சென்னையோடு முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லைக்காரனுக்கும் குமரிக்காரனுக்கும் அதன் பிறகும் ஒரு ராத்திரி பாக்கி. தில்லியில் இருப்பவர்கள் "சென்னைக்குப் போறியா?" என்று கேட்கும்போது நாங்கள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவது வழக்கம். விளக்க ஆரம்பித்தால் இன்னொரு 650 கிலோமீட்டர் விளக்க வேண்டும்.

அண்மையில் கூட்டம் கூடிவிட்டது. 2016-இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் தமிழ்நாட்டு வாரிய மாணவர்கள் மதிப்பெண் பலத்தில் வந்து குவிந்தது தேசியப் பத்திரிகைகளில் செய்தியாகவே வந்தது. பி.காம். படிக்க நெல்லை, நாமக்கல்லிலிருந்து தில்லிக்கா என்று நானே வாயைப் பிளந்தேன். நான் படித்த காலத்தில் பி.காம். என்பது பொறியியல் கிடைக்காதவன் சேர்வது :-) 2022-இலிருந்து பொது நுழைவுத் தேர்வு வந்து கணக்கு மறுபடி மாறியது. அது தனிக் கதை.

பாடமுறை மாறியதையும் கவனிக்க வேண்டும். ஆண்டுத் தேர்வு முறையில் டிசம்பர் லீவு வகுப்புகளுக்கு நடுவில் மூச்சு விடுகிற இடம். 2011 வாக்கில் இளநிலைப் படிப்புகளுக்குப் பருவமுறை வந்த பிறகு அது பரீட்சைக்குப் பிந்தைய லீவாகிவிட்டது. தேர்வு அட்டவணை என்றைக்கு முடிகிறதோ அன்றைக்குத்தான் லீவு தொடக்கம். ரயில்வேயோ 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்பு முன்பதிவைத் திறக்கிறது (அதற்கு முன் 120 நாள்). அதாவது கடைசிப் பரீட்சை என்றைக்கு என்று தெரியாமலே அக்டோபரில் டிக்கெட் போட வேண்டும். தப்பினால் 1997 டிசம்பரில் தொடங்கிய தத்கால்தான் கதி. விமானம்? டிசம்பர் கடைசி வாரத்துக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு மருமகன் மணாலியைக்கூட மறந்துவிட்டான்.

பனிமூட்டம் இன்னொரு வில்லன். ஒரு காலத்தில் மூட்டம் கவிந்தால் சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் ஆள் போய்ப் பட்டாசு மாதிரி வெடியை வைப்பார். சக்கரம் ஏறி வெடித்தால் ஓட்டுநருக்கு சிக்னல் வருகிறது என்று அர்த்தம். இப்போது இன்ஜினில் செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவி வந்துவிட்டது, மணிக்கு 60 என்றிருந்த மூட்ட வேகம் 75 ஆகியிருக்கிறது. இருந்தாலும் ஜனவரி முதல் வாரம் தில்லிக்குத் திரும்பும் வண்டிகள் ஆறு மணி, பத்து மணி தாமதமாவது இன்றும் நடக்கிறது. தெற்கிலிருந்து வண்டி தாமதமாக வந்தால் அதே பெட்டிகள் திரும்பிப் போவதும் தாமதம். திரும்பி வரும் தேதிக்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள், காலையில் வண்டி மதியம் வகுப்பு என்று திட்டம் போடாதீர்கள். இங்கே புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

பொங்கல்? அதுதான் வேடிக்கை. தில்லி அரசுப் பள்ளிகளுக்குக் குளிர் காரணமாக வழக்கமாக ஜனவரி 1 முதல் 15 வரை விடுமுறை. யாரும் நினைத்துச் செய்யாமலே பொங்கல் அதற்குள் விழுந்துவிடுகிறது. தில்லித் தமிழ்க் குடும்பங்களின் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஊரில் கரும்பு கடிக்கும்போது, கல்லூரிக்கு வந்துவிட்ட அவன் அண்ணன் கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பான். 1881-இல் சட்டத்தில் ஏறிய பண்டிகைக்கு லீவு, ஏறாத பண்டிகைக்கு இல்லை. சட்டத்திலிருந்து பெயரை எடுத்து எழுபது வருடம் ஓடியும் கல்லூரி நாட்காட்டி அந்த அச்சிலேயேதான் சுற்றுகிறது.

மருமகனுக்கு நான் என்ன சொன்னேன் என்றால், முதல் வருடம், போய்விட்டு வா என்றேன். இரண்டாம் வருடம் இங்கே இரு, மூன்றாம் வருடம் மணாலிக்குப் போ, யார் வேண்டாம் என்றது. இருந்தால் பார்க்க இங்கேயும் உண்டு. ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திரில் மார்கழி விடிகாலைத் திருப்பாவை கேட்கலாம். பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, ஜாமியாவில் அன்சாரியின் கல்லறை இருக்கிறது. எதுவும் ஓடிப்போகாது. முதல் குளிரில் மட்டும் ஆளில்லாத அறையில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் தனியாக இருக்க வேண்டாம். நிகர லீவு நாலு நாளாகவே இருக்கட்டும்.

செலவுக்கு வழி இருக்கிறது. மாணவர் ரயில் சலுகை. படுக்கை வசதிப் பெட்டியிலும் இரண்டாம் வகுப்பிலும் பாதிக் கட்டணம். தலித், பழங்குடி மாணவர்களுக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தியபோதுகூட மாணவர் சலுகையைத் தொடவில்லை. கல்வி நிறுவனத்திலிருந்து சொந்த ஊருக்குப் போக, அல்லது கல்லூரியே நடத்தும் கல்விச் சுற்றுலாவுக்கு மட்டும். மணாலிக்கு நண்பர்களோடு போனால் முழுக் காசு. கல்லூரி அலுவலகத்தில் படிவம் வாங்கி, கையெழுத்தும் முத்திரையும் பெற்று, ரயில் நிலைய கவுண்டரில் நேரில் கொடுக்க வேண்டும். கைப்பேசியில் தட்டி முடிக்கிற வேலை இல்லை என்பதால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

அவன் போய் வாங்கிவிட்டான். சொந்த ஊருக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் என்ற இடத்தில் அம்பாசமுத்திரம் என்று எழுதினானாம். அலுவலகத்தில் இருந்த ஹரியானாக்காரர் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "சமுந்தர் கே பாஸ் ஹை?" என்று கேட்டிருக்கிறார், கடலுக்குப் பக்கமா என்று. இல்லை, மலைக்குப் பக்கம் என்றானாம் இவன். நம்பாமலே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்.